தூளியும் சும்மாடும்: முதுகுச் சுமையின் கணக்கு

காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்து, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஓர் ஆயாவிடம், "இவ்வளவு கனத்தோட எப்படி ஆயா இவ்வளவு வேகமா நடக்கறீங்க?" என்று கேட்டேன். "சும்மாடு சரியா ஒக்காந்துட்டா கூடை கனக்காது கண்ணு. அது ஆடுச்சின்னாதான் கழுத்து போயிடும்" என்றார். அதற்கு முந்தைய வாரம்தான் 16 கிலோ பையோடு ஜவ்வாது மலை ஏறி, இறங்கும்போது இரண்டு முழங்காலும் வீங்கி ராயபுரம் திரும்பியிருந்தேன். பாதிப் பையைத் திறக்கவே இல்லை. அந்த ஆயாவின் பேச்சுக்குள் இருக்கும் இயற்பியலை அதன் பிறகுதான் தேடிப் படித்தேன்.

பள்ளிக்கூடக் கணக்கில் தொடங்குவோம். 10 கிலோவை 600 மீட்டர் உயரத்துக்குத் தூக்கச் சுமார் 59 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். தசை, உண்ட ஆற்றலில் ஏறத்தாழ கால்பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தச் செலவு 56 கலோரிதான். ஒரு சின்னக் கடலை மிட்டாய் போதும். பிறகு ஏன் இப்படி நொந்துபோகிறோம்?

நடை என்பது தலைகீழாக நிறுத்திய ஊசல். ஊன்றிய காலின் மேல் உடல் எழும்புகிறது, முன்னே சரிகிறது. எழும்பும்போது சேர்ந்த ஆற்றல் சரியும்போது நடையின் வேகமாக மாறித் திரும்பி வருகிறது. இயல்பான நடையில் சுமார் 65 சதவீதம் இப்படி மீண்டுவிடும். மீதியை ஒவ்வோர் அடியிலும் தசைதான் போட்டாக வேண்டும். பை கனத்தால் அந்த மீதியும் வளரும். ஒரு நாள் மலைநடையில் அப்படி ஆயிரக்கணக்கான அடிகள். இறக்கத்தில் நிலைமை இன்னும் மோசம்: தொடைத்தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. என் முழங்காலைக் கெடுத்தது ஏற்றமல்ல, இறக்கம்.

அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் 1977-இல் வெளியிட்ட ஒரு சமன்பாடு இதில் முக்கியமானது. சுமைக்கும் உடல் எடைக்கும் உள்ள விகிதம் அதில் வர்க்கமாக வருகிறது. 70 கிலோ ஆள் 7 கிலோவைச் சுமந்து நின்றாலே அந்தச் சுமைக்காக 1.5 வாட் கூடுதலாகச் செலவாகும். 14 கிலோ என்றால் சுமார் 7 வாட், 21 கிலோ என்றால் 16 வாட். சுமை மூன்று மடங்கானால் செலவு பத்து மடங்கைத் தாண்டுகிறது. கனமான பையிலிருந்து எடுக்கும் ஒரு கிலோ தரும் நிம்மதி, ஏற்கெனவே இலேசான பையிலிருந்து எடுக்கும் ஒரு கிலோவில் கிடைக்காது.

ஆயா சொன்ன 'ஆடாமல் இருப்பது' இன்னொரு பாதி. 1986-இல் கென்யாவின் லுவோ, கிக்கூயூ பெண்களை அளந்தபோது, உடல் எடையில் 20 சதவீதம் வரை தலையிலோ நெற்றிப் பட்டையிலோ சுமந்தும் அவர்கள் கூடுதலாக ஆக்ஸிஜன் செலவழிக்கவில்லை என்று தெரிந்தது. சுமையோடு நடக்கும்போது அவர்களுடைய ஊசல் இன்னும் சிக்கனமாக இயங்குகிறது என்பதைப் பின்னர் கண்டார்கள். தென்னாப்பிரிக்காவில் நடந்த பிந்தைய ஆய்வில் இந்தச் சலுகை எல்லோரிடமும் தென்படவில்லை; ஆகவே நாம் கூடை தூக்கப் போவதில்லை. ஆனால் பையின் கனமான பொருட்களை முதுகெலும்பை ஒட்டி, நடு உயரத்தில் வைத்து, இடுப்புப் பட்டையை இறுக்கினால் எடை தோளிலிருந்து இடுப்பெலும்புக்கு இறங்கிவிடும். பை பின்னோக்கி இழுக்காது, நாமும் கூன வேண்டாம்.

காலுக்குத் தனிக் கணக்கு. காலில் இருக்கும் ஒரு கிலோ, முதுகில் இருக்கும் நான்கு முதல் ஆறு கிலோவுக்குச் சமமான ஆற்றலைத் தின்னும். ஒவ்வோர் அடிக்கும் அதைத் தூக்கி, வீசி, நிறுத்த வேண்டும் அல்லவா? கனமான பூட்ஸை விட்டு ஓட்டக் காலணிக்கு மாறியது நான் செய்த முதல் நல்ல காரியம்.

அடுத்து, மளிகைக் கடை அண்ணனின் எலக்ட்ரானிக் தராசில் ஒவ்வொரு பொருளாக வைத்து எடை எழுதினேன். உணவு, தண்ணீர், எரிபொருள் தவிர்த்த எடையை 'அடிப்படை எடை' என்பார்கள், அது 4.5 கிலோவுக்குள் இருந்தால் 'அல்ட்ராலைட்'. ஜீன்ஸும் டர்க்கி டவலும் அங்கேயே கழிந்தன. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், காயவும் காயாது. மெல்லிய துண்டு ஒன்று போதும். தண்ணீரில் கைவைக்க முடியாது, லிட்டருக்கு ஒரு கிலோ. ஆனால் சாப்பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீரை வீட்டிலேயே விட்டுவிடலாம். வெந்த சாதத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிராமுக்கு 130 கலோரிதான். அவலில் 350, வேர்க்கடலையில் 570, நெய்யில் 900. அவலை நனைத்தால் போதும் என்பதால் அடுப்பும் மிச்சம்.

எஞ்சிய பெரிய எடை கூடாரம். அங்கேதான் ஹாமக், அதாவது இரண்டு மரங்களுக்கு இடையே கட்டும் துணிப் படுக்கை, வருகிறது. தரை சமமாக இருக்க வேண்டாம், ஈரமும் தேளும் எட்டாது, டென்ட்டின் கம்பிகளும் வேண்டாம். நமக்கு இது புதிதும் அல்ல. அம்மாவின் புடவையில் கட்டிய தூளியில் தூங்கி வளர்ந்தவர்கள்தானே நாம்.

ஆனால் தூளிக்கும் ஹாமக்குக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. தூளியின் இரு முனைகளும் ஒரே கொக்கியில் சேர்வதால் துணி கிட்டத்தட்டச் செங்குத்தாகத் தொங்கும். எடை இரு முனைகளுக்கும் பாதிப் பாதியாகப் பிரியும். ஹாமக் இரண்டு மரங்களுக்கு இடையே சாய்வாகத் தொங்குகிறது. கயிறு கிடைமட்டத்தோடு 30 பாகைக் கோணத்தில் இருந்தால், 70 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு கயிற்றிலும் 70 கிலோ இழுவிசை. தொய்யக் கூடாது என்று இழுத்துக் கட்டிக் கோணத்தை 10 பாகையாக்கினால் 200 கிலோ. 5 பாகையில் 400 கிலோ! கயிறு மேல்நோக்கி இழுக்கும் பங்குதான் நம்மைத் தாங்குகிறது. கயிறு படுக்கப் படுக்க அந்தப் பங்கு சிறுத்து, இழுவிசை முழுக்க மரத்தைப் பக்கவாட்டில் இழுப்பதிலேயே போகிறது. ஆகவே தொய்வாகக் கட்டுங்கள், பிறகு துணியில் குறுக்காகப் படுங்கள். நேராகப் படுத்தால் முதுகு வாழைப்பழமாக வளையும். குறுக்கே படுத்தால் ஏறக்குறையத் தட்டையாகிவிடும்.

கோணம் சரியாக இருந்தால் மெல்லிய கயிறே போதும், அதிலும் எடை குறையும். நைலான் பாரத்தில் நீளும். இரவெல்லாம் நீண்டு விடியற்காலையில் முதுகு தரையைத் தொடும். பாலியெஸ்டர் பட்டை அவ்வளவு நீளாது. மிக நீண்ட பாலிஎத்திலீன் மூலக்கூறுகளை ஒரே திசையில் அடுக்கிச் செய்யும் டைனீமா கயிறு, எடைக்கு எடை எஃகைவிடப் பல மடங்கு வலுவானது, தண்ணீரில் மிதக்கும். சுமார் 145 பாகை செல்சியஸில் உருகிவிடும், நெருப்பருகே வேண்டாம். மரத்தைச் சுற்றுவதற்கு மட்டும் குறைந்தது 2.5 சென்டிமீட்டர் அகலப் பட்டை கட்டாயம். மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுத்தால், அதன் அடியிலேயே இருக்கும், இலையிலிருந்து உணவு கொண்டுபோகும் திசு சாகும். அந்தச் சில கிராம்களில் நான் ஒருபோதும் மிச்சம் பிடிக்க மாட்டேன். வனத்துறை அனுமதி இல்லாத இடத்தில் தங்கவும் மாட்டேன்.

சென்னைக்காரர் யாரும் எதிர்பார்க்காத ஒன்று, கீழிருந்து வரும் குளிர். டிசம்பரில் ஜவ்வாது மலையில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் இருந்தும் முதுகு நடுங்கியது. வெதுவெதுப்பைக் காப்பது பஞ்சல்ல, பஞ்சுக்குள் சிக்கியிருக்கும் காற்று. உடல் எடை அதை நசுக்கிவிட்டால் தடுப்பே இல்லை; கீழே வீசும் காற்று துணியிலிருந்து சூட்டை அள்ளிக்கொண்டே போகும். அதனால்தான் ஹாமக்குக்கு வெளியே, அடியில், நசுங்காமல் ஒரு போர்வையைத் தொங்கவிடுகிறார்கள். இப்போது நான் நசுங்காத ஃபோம் பாய் ஒன்றை உள்ளே விரித்துக்கொள்கிறேன். மேலே மெல்லிய போர்வை. ஸ்லீப்பிங் பேக் வீட்டில்.

1955-இல், 67 வயதில், எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பாட்டி அப்பலாச்சியன் மலைப்பாதையின் ஏறத்தாழ 3,300 கிலோமீட்டரையும் தனியாக நடந்து முடித்தார். கையால் தைத்த துணிப்பை, கேன்வாஸ் காலணி, மழைக்கு ஒரு குளியலறைத் திரை; டென்ட்டும் கிடையாது, ஸ்லீப்பிங் பேக்கும் கிடையாது. அவரை நினைத்துக்கொண்டுதான் 'எதற்கும் இருக்கட்டும்' என்று எடுத்துவைத்தவற்றை வெளியே எடுத்தேன். முதலுதவிப் பெட்டி, டார்ச், மழைத்தடுப்பு மூன்றையும் தொடவில்லை. போன முறை என் பை தண்ணீர், உணவு சேர்த்து 8 கிலோதான்.

இன்னொன்று. மழையில் மரத்தில் வழியும் தண்ணீர், ஹாமக்கைக் கட்டிய பட்டை வழியாக நேரே படுக்கைக்குள் வந்துவிடும். ஹாமக்குக்குச் சற்று முன்னால், பட்டையில் ஒரு சாண் பருத்தி நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். வழியும் நீர் அந்த நூலில் இறங்கி, கீழே சொட்டிவிடும். என் பையிலேயே இலேசான பொருள் அதுதான். கடை அண்ணனின் தராசில் வைத்தால் எண் நகரவே இல்லை.