மரம் வளர்ந்ததா, வளர்ந்திருக்கிறதா?

பழைய போட்டோவில் அந்தச் செடி இடுப்பு உயரம். இன்று அதே இடத்தில் அண்ணாந்து பார்க்க வேண்டிய மரம். சட்டென்று வாயில் என்ன வரும்? "அடேயப்பா, எவ்வளவு வளர்ந்திருக்கு!" இங்கே "வளர்ந்தது" என்று யாரும் சொல்வதில்லை. தமிழில் யோசிக்காமலே இதைச் சரியாகச் செய்கிற நாம்தான், ஆங்கிலத்தில் 'குரூ' போடுவதா 'ஹேஸ் குரோன்' போடுவதா என்று தடுமாறுகிறோம்.

'ஹேஸ் குரோன்' போன்ற வடிவத்துக்கு ஆங்கில இலக்கணத்தில் பிரசென்ட் பெர்ஃபெக்ட் என்று பெயர். அந்தப் பெயரில் 'பிரசென்ட்' (நிகழ்காலம்) சும்மா ஒட்டிக்கொண்டு இல்லை. நடந்து போனதைச் சொன்னாலும் அதன் கண் இன்றைய நிலைமேல்தான். ஹான்ஸ் ரைஷன்பாக் என்ற தத்துவ அறிஞர் 1947-ல் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார். செயல் நடந்த நேரம் ஒன்று, நாம் பேசும் நேரம் ஒன்று, எந்த நேரத்தில் நின்று பார்க்கிறோம் என்பது மூன்றாவது. 'குரூ' என்றால் அன்றைக்கே போய் நின்று பார்க்கிறோம். 'ஹேஸ் குரோன்' என்றால் இப்போது மரத்தடியில் நின்று திரும்பிப் பார்க்கிறோம்.

இன்னொரு உதாரணம்: காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958 முதல் அளக்கிறார்கள். அப்போது பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. 1958-லிருந்து இன்றுவரை என்றால் 'ஹேஸ் ரிஸன்'. 1958 முதல் 1980 வரை மட்டும் பேசினால் வெறும் 'ரோஸ்'. அளவு இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் நாம் எடுத்துக்கொண்ட காலத்துக்கு வேலி போட்டாயிற்று.

அப்புறம், இந்த 'ஹேவ்' எங்கிருந்து வந்தது? 'வைத்திருக்கிறேன்' என்ற உடைமைப் பொருளிலிருந்துதான். "எழுதி முடித்த கடிதம் என்னிடம் இருக்கிறது" என்பதுபோல் இருந்த வாக்கிய அமைப்பு, நாளடைவில் "கடிதம் எழுதியிருக்கிறேன்" என்று பொருள் மாறியது. எனக்கு இதைவிடப் பிடித்த சங்கதி வேறு: வா, போ, ஆகு போன்ற வினைகளுக்குப் பழைய ஆங்கிலம் 'ஹேவ்' போடவில்லை, 'பி' (அதாவது இஸ், ஆர் வகை) போட்டது. 'ஹி இஸ் கம்' என்றார்கள். அப்படியே நம்முடைய வந்து + இருக்கிறான்! ஜெர்மன் இன்றும் அப்படித்தான் பேசுகிறது. ஆங்கிலத்தில் மெல்ல மெல்ல 'ஹேவ்' எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது. 'ஹி இஸ் கான்' மட்டும் மிச்சம்.

சரி, இவ்வளவு நெருக்கம் இருந்தும் ஏன் சறுக்குகிறோம்? காலையில் ஈரத்தரையைப் பார்த்து "நேற்று ராத்திரி மழை பெய்திருக்கிறது" என்கிறோம். மழையை நாம் பார்க்கவில்லை, தடயத்தைத்தான் பார்த்தோம் என்பதும் அந்த 'இருக்கிறது'வுக்குள் அடக்கம். ஆங்கிலத்தின் 'ஹேஸ்' அந்த வேலையைச் செய்யாது. 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் நைட்' என்று முடிந்துபோன பொழுதைக் குறிப்பிட்டுவிட்டால் அதோடு சேரவும் சேராது. 'இட் ரெய்ன்ட்' என்று நேராகச் சொல்லலாம். ஊகம் என்று காட்ட வேண்டுமானால் 'மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட்'.

இதற்கு நேர் எதிர்த் திசையிலும் ஒரு சறுக்கல் உண்டு. "பத்து வருடமாக இங்கே இருக்கிறேன்" என்று தமிழில் நிகழ்காலமே போதும். அதை அப்படியே கொண்டுபோய் 'ஐ ஆம் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்கிறோம். ஆங்கிலக்காரர் அங்கேதான் 'ஹேவ்' கேட்பார்: 'ஐ ஹேவ் லிவ்ட்'.