துப்பாக்கி வன்முறைக்கு எதிராக நிலையான தலைமை தேவை

அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டு முதல், ஒன்று முதல் பத்தொன்பது வயது வரையிலானவர்களின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் சாலை விபத்துகளையும் புற்றுநோயையும் பின்தள்ளித் துப்பாக்கிக் காயமே முதலிடத்தில் இருக்கிறது. 2021இல் மட்டும் அங்கே 48,830 பேர் துப்பாக்கியால் இறந்தனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். பள்ளிகளில் நடக்கும் துப்பாக்கிச் சூடுகளை உலகமே அறிகிறது. அந்நாட்டில் அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் என்னைப் போன்ற மருத்துவர்கள் நாள்தோறும் காண்பதோ பெரும்பாலும் செய்தியாகாத மரணங்களை.

மனம் உடைந்த நிலையில் ஒரு பதின்வயதுப் பிள்ளை அழைத்து வரப்படும்போது, வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று பெற்றோரைத் தனியே அழைத்துக் கேட்பது எங்கள் வழக்கம். மேல் அலமாரியில் வைத்திருக்கிறோம், பிள்ளைக்குத் தெரியாது என்பார்கள். பிள்ளையைக் கேட்டால் எந்தத் துணிக்குக் கீழே என்பது வரை சொல்லும். துப்பாக்கியின் உட்பகுதி வழியே நுழைத்துப் பூட்டும் எஃகுக் கம்பிப் பூட்டு ஒன்றைக் கொடுத்து, குண்டுகளை வேறிடத்தில் பூட்டி வைக்கச் சொல்லி அனுப்புகிறோம். துப்பாக்கியால் தற்கொலைக்கு முயல்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் வரை பிழைப்பதில்லை என்பதால், அந்தப் பூட்டு வாங்கித் தரும் சில நிமிட அவகாசம் மிகப் பெரியது. ஆனால் மருத்துவர்கள் வீடு வீடாகப் பூட்டுக் கொடுத்து ஒரு நாட்டைக் காக்க முடியாது.

சாலை விபத்துகளைக் கட்டுப்படுத்த 1966இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றித் தனி அமைப்பை உருவாக்கியது. வில்லியம் ஹாடன் என்ற மருத்துவரே அதன் முதல் தலைவர். இருக்கைப் பட்டையும் பாதுகாப்பான வாகன வடிவமைப்பும் கட்டாயமாயின. கார்களை யாரும் பறிமுதல் செய்யவில்லை. துப்பாக்கி விஷயத்தில் நடந்தது நேரெதிர். 1996இல், துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரித்துப் பேச அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் நிதியைச் செலவிடக் கூடாது என்ற டிக்கி சட்டத் திருத்தத்துடன், அம்மையம் துப்பாக்கிக் காய ஆய்வுக்குச் செலவிட்ட 26 இலட்சம் டாலர் அதன் நிதியிலிருந்து குறைக்கப்பட்டது. இந்த ஆய்வுக்கென்று மீண்டும் நிதி (2.5 கோடி டாலர்) ஒதுக்க 2019 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் ஏடிஎஃப் அமைப்பின் இயக்குநர் பதவிக்கு செனட்டின் ஒப்புதல் வேண்டும் என 2006இல் விதியான பிறகு, 2024 வரை ஒப்புதல் பெற்றவர்கள் இருவரே. வெள்ளை மாளிகையில் 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட துப்பாக்கி வன்முறைத் தடுப்பு அலுவலகம் 2025 ஜனவரியில் ஆட்சி மாறியதும் மூடப்பட்டது.

ஓர் அதிபர் திறப்பதை அடுத்தவர் மூடலாம் என்ற நிலை நீடிக்கும்வரை எந்தத் திட்டமும் வேரூன்றாது. எனவே இந்த அலுவலகத்தை நாடாளுமன்றம் சட்டத்தின் வழியே நிறுவ வேண்டும். ஏடிஎஃப் தலைமைப் பதவியை ஆண்டுக்கணக்கில் தற்காலிகப் பொறுப்பு அதிகாரிகளிடம் விட்டுவைக்கக் கூடாது. ஆய்வு நிதி ஆண்டுதோறும் பேரம் பேசப்படும் பொருளாக இருக்கக் கூடாது. டெக்சாஸ் மாநிலத்தின் யுவால்டி நகரப் பள்ளியில் 2022 மே மாதம் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்டு ஏறத்தாழ ஒரு மாதத்தில், அதாவது ஜூனில், இரு கட்சியினரும் சேர்ந்து துப்பாக்கி வன்முறையைக் குறைக்க ஒரு சட்டத்தை நிறைவேற்றினார்கள் என்பதால் இது நடவாத காரியம் அல்ல.

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் தங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தையும் மாநிலத்தின் இரு செனட்டர்களின் அலுவலகங்களையும் தொலைபேசியில் அழைத்து, தாங்கள் அந்தத் தொகுதி வாக்காளர் என்பதைச் சொல்லி, மேலே சொன்ன மூன்று கோரிக்கைகளையும் முன்வையுங்கள். உறுப்பினரின் நிலைப்பாட்டை எழுத்தில் அனுப்பும்படி வலியுறுத்துங்கள். பொதுவான அனுதாப வரிகள் மட்டுமே வந்தால் மீண்டும் அழையுங்கள்.