காய்ச்சல் நின்றாலும் மலேரியா மாத்திரையை நிறுத்தாதீர்கள்

மலேரியா பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வாங்கிப் போகிறவர்களில் சிலர் நான்கைந்து நாளில் திரும்ப வருவார்கள். "காய்ச்சல் சுத்தமா நின்னுடுச்சு. இன்னொரு தடவை ரத்தம் பாருங்க, நெகட்டிவ்னா மாத்திரையை நிறுத்திடலாம்ல?" என்பார்கள். நான் சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் மைக்ரோஸ்கோப் முன் உட்கார்ந்து ஸ்லைடு பார்க்கிறவன். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: பார்க்கிறேன், அநேகமாக நெகட்டிவாகத்தான் இருக்கும், ஆனாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். காரணம், மிச்சமிருக்கும் கிருமி ரத்தத்தில் இல்லை, கல்லீரலில் இருக்கிறது. அங்கே என் மைக்ரோஸ்கோப் எட்டாது.

மலேரியாவை உண்டாக்குவது பாக்டீரியாவோ வைரஸோ அல்ல. பிளாஸ்மோடியம் என்ற ஒற்றைச் செல் உயிரி, புரோட்டோசோவா வகையைச் சேர்ந்தது. மனிதரைப் பாதிப்பவற்றில் பல இனங்கள் உண்டு. சென்னையில் நாங்கள் அதிகம் பார்ப்பது விவாக்ஸ் என்ற இனம். அனாபிலஸ் பெண் கொசு கடிக்கும்போது அதன் எச்சிலோடு ஊசி போன்ற நுண்ணிய வடிவத்தில் உடலுக்குள் வருகிறது. ரத்தத்தில் அது சுற்றுவது கொஞ்ச நேரம்தான், பிறகு நேராகக் கல்லீரல் செல்களுக்குள் போய்விடும். அங்கே சுமார் ஒரு வாரம் சத்தமில்லாமல் பெருகும். அப்போது காய்ச்சலும் இருக்காது, எந்த ரத்தப் பரிசோதனையும் காட்டாது. அப்புறம் ஒவ்வொரு கல்லீரல் செல்லும் வெடித்து ஆயிரக்கணக்கில் கிருமிகளை ரத்தத்தில் கொட்டும்.

இந்தக் கல்லீரல் கட்டம் மருத்துவ உலகையே அரை நூற்றாண்டு ஏமாற்றியது. 1880-ல் அல்ஜீரியாவில் லவெரான் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் நோயாளியின் ரத்தத்தில் கிருமியைக் கண்டார். 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதைக் கொசுவின் வயிற்றில் கண்டார். ஆனால் கொசுக்கடிக்கும் காய்ச்சலுக்கும் நடுவே கிருமி எங்கே போகிறது என்பது யாருக்கும் பிடிபடவில்லை. கொசுவிலிருந்து வந்த கிருமி நேரே சிவப்பணுவுக்குள் நுழைவதைப் பார்த்ததாக ஷௌடின் என்ற பெரிய ஜெர்மானிய விஞ்ஞானி எழுதினார். அது தவறு. ஆனாலும் அதையே பல பத்தாண்டுகள் நம்பினார்கள். 1948-ல் ஷார்ட், கார்ன்ஹாம் என்ற இரு ஆய்வாளர்கள் கல்லீரலில் அதைக் கண்டுபிடித்த பிறகுதான் படம் முழுமையானது. விவாக்ஸில் ஒரு பங்கு கிருமி பெருகாமல் கல்லீரலிலேயே தூங்குகிறது என்பது உறுதியானது 1980-களின் தொடக்கத்தில்.

சரி, ரத்தத்தில் நடப்பது என்ன? விவாக்ஸ் புதிதாகப் பிறந்த இளம் சிவப்பணுக்களைத்தான் தேடிப் போகும். அதனால் ரத்தத்தில் அதன் எண்ணிக்கை பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ஸ்மியரில், அதாவது ஸ்லைடில் பரப்பிய ரத்தத்தில், நூறு இடமாவது நகர்த்திப் பார்க்காமல் நெகட்டிவ் என்று எழுதக் கூடாது. அகப்பட்டுவிட்டால் அடையாளம் தப்பாது. பக்கத்துச் சிவப்பணுக்களைவிட ஊதிப் பெரிதான ஒரு செல், அதன் மேல் மெல்லிய இளஞ்சிவப்புப் புள்ளிகள், உள்ளே நீல நிறத்தில் ஒழுங்கில்லாமல் கை கால் நீட்டிய உடல், அதில் ஒரு சிவப்புப் பொட்டு. கொஞ்சம் முதிர்ந்ததில், ஹீமோகுளோபினைத் தின்று மிஞ்சிய பழுப்பு நிறத் துகள்களும் தெரியும். நோயாளி வெளுத்துப் போவதற்கான காரணங்களில் ஒன்று கண்ணெதிரே கிடக்கிறது.

சிவப்பணுவுக்குள் ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 48 மணி நேரம். செல்கள் மொத்தமாக வெடிக்கும்போதுதான் அந்தத் தூக்கிப் போடும் குளிரும் நடுக்கமும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காய்ச்சல் வருவது இதனால்தான். ஆனால் முதல் சில நாட்களில் கிருமிகள் ஒரே தாளத்துக்கு வந்திருக்காது, காய்ச்சல் தினமும் அடிக்கும். "தினமும் வருது, அப்போ மலேரியா இல்ல" என்று நீங்களாகவே முடிவு செய்துவிடாதீர்கள்.

குளோரோகுயின் மாத்திரை மூன்று நாள். அது ரத்தத்தில் உள்ளவற்றைக் கொல்லும், காய்ச்சல் நிற்கும். கல்லீரலில் தூங்குகிறவற்றை அது தொடாது. அதற்கு பிரிமாகுயின் வேண்டும், நம் நாட்டு வழிமுறைப்படி விவாக்ஸுக்கு 14 நாள். ஐந்தாம் நாளில் நன்றாக இருக்கிறோம் என்று நிறுத்தினால், சில வாரத்திலோ சில மாதத்திலோ தூங்கியது விழித்து அதே காய்ச்சல் திரும்பும். இதற்கு இன்னொரு கொசுக்கடி தேவையே இல்லை. வேலைக்குப் போகிறவருக்கு அது இன்னொரு வாரச் சம்பள இழப்பு. குழந்தை என்றால் திரும்பத் திரும்ப ரத்தம் குறையும். பக்கத்து வீட்டுக்காரருக்கு மலேரியாவுக்கு பிரிமாகுயினை ஒரே நாளில் முடித்துவிட்டார்களே என்று ஒப்பிடாதீர்கள். அவருக்கு வந்தது ஃபால்சிபாரம் என்ற வேறு இனமாக இருக்கலாம். அது உயிருக்கு அதிக ஆபத்தானது, ஆனால் கல்லீரலில் தூங்கும் கட்டம் அதற்கு இல்லை. அதனால்தான் ரிப்போர்ட்டில் இனத்தின் பெயரைத் தவறாமல் பாருங்கள் என்கிறேன்.

பிரிமாகுயினை வெறும் வயிற்றில் போட்டால் வயிறு வலிக்கும், சாப்பிட்ட பிறகு போடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அதைக் கொடுக்கக் கூடாது. ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை சிவப்பணுக்களை உடைக்கும். அதனால் தொடங்கும் முன்பே அந்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரை போடும் நாட்களில் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுப்பது இந்த ஒரு காரணத்துக்காகவே ஆபத்து.

கொசுவின் பக்கம் ஒரு விஷயம். நோயாளியின் ரத்தத்தில் கிருமியின் ஆண், பெண் வடிவங்களும் உருவாகும். விவாக்ஸில் இவை சீக்கிரமே தோன்றிவிடும், ரிப்போர்ட் கைக்கு வரும் முன்பே அவர் கொசுவுக்குக் கிருமியைக் கொடுத்திருப்பார். கொசுவின் வயிற்றில் இவை சேர்ந்து, குடல் சுவரில் வளர்ந்து, எச்சில் சுரப்பிக்கு வர பத்துப் பன்னிரண்டு நாளாவது ஆகும். சென்னையில் இதைப் பரப்பும் ஸ்டீஃபென்ஸி என்ற அனாபிலஸ் வகை சாக்கடையைத் தேடுவதில்லை. கிணறு, மொட்டைமாடித் தொட்டி, கட்டட வேலை நடக்கும் இடத்தில் தேங்கிய நல்ல தண்ணீர், இவைதான் அதற்குப் பிடிக்கும். தொட்டியைத் திறந்து பாருங்கள். தலைகீழாகத் தொங்கும் புழு என்றால் வேறு கொசு. தண்ணீரின் மேல்மட்டத்தோடு ஒட்டிப் படுத்தாற்போல் கிடந்தால் அனாபிலஸ். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒரு முறை தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவி, விளிம்பில் இடைவெளி இல்லாமல் மூடி வையுங்கள்.

மாத்திரையை முழுதாக முடித்தவர்களிலும் சிலருக்குத் திரும்ப வரலாம். ஒரு வருடத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், முன்பு விவாக்ஸ் வந்ததையும் மாத்திரை எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்பதையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் போங்கள். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு வந்தால் ஸ்லைடில் கிருமி கிடைக்காமல் போகும். முதலில் ரத்தம் கொடுங்கள், மாத்திரை அப்புறம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.