புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்புகள்: ஊதியக் கணக்கில் முதலாளிகள் கவனிக்க வேண்டியவை

நாடாளுமன்றம் 2019-லும் 2020-லும் நிறைவேற்றிய நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. இவை 29 மத்தியச் சட்டங்களின் இடத்தைப் பிடித்துள்ளன. இவற்றைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பெரிய ஆலைகளைச் சுற்றியே நடக்கிறது. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்ந்தது அதற்கு ஒரு காரணம். ஆனால், பத்துப் பதினைந்து பேரை வைத்து வேலை வாங்கும் ஒரு பட்டறையையோ கடையையோ மிக நேரடியாகத் தொடுவது ஊதியச் சட்டத்தொகுப்புதான். ஊதியம் வழங்கும் விதிகளில் அது ஊழியர்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. பழைய ஊதியம் வழங்கல் சட்டம் மாதம் 24,000 ரூபாய் வரை பெறுபவர்களுக்கு மட்டுமே பொருந்தியது. இப்போது மேலாளர் உட்பட எல்லா ஊழியர்களும் இதற்குள் வருகிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது 'ஊதியம்' என்பதற்குச் சட்டம் தரும் வரையறை. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் ஊதியத்தில் அடங்கும். வீட்டு வாடகைப்படி, பயணப்படி, மிகைநேரப் படி, கமிஷன், சட்டப்படியான போனஸ், முதலாளி செலுத்தும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கு முதலியவை அதில் சேரா. ஆனால் இப்படி விலக்கப்பட்ட தொகைகள் எல்லாம் சேர்ந்து மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய அளவு மீண்டும் ஊதியமாகவே கொள்ளப்படும். பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) ஆட்குறைப்பு இழப்பீடும் மட்டும் இந்தப் பாதிக் கணக்கில் வருவதில்லை. விலக்குப் பட்டியலில் இல்லாத ஒரு படிக்கு 'சிறப்புப் படி' என்று பெயர் வைத்துவிட்டால் அது ஊதியத்துக்கு வெளியே போய்விடும் என்று நினைப்பதும் தவறு.

விற்பனைப் பிரிவில் மாதம் 40,000 ரூபாய் பெறும் ஓர் ஊழியரை எடுத்துக்கொள்வோம். அவருடைய சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் 12,000, வீட்டு வாடகைப்படி 16,000, பயணப்படி 8,000, கமிஷன் 4,000 என்று இருக்கிறது. விலக்கப்பட்ட தொகைகள் 28,000 ரூபாய். மொத்தத்தில் பாதி 20,000 ரூபாய். மிகுதியான 8,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தோடு சேர்ந்து, சட்டத்தின் பார்வையில் அவருடைய ஊதியம் 20,000 ரூபாய் ஆகிறது. ஓராண்டுப் பணிக்கு 15 நாள் ஊதியம், மாதத்துக்கு 26 நாள் என்ற வழக்கமான கணக்கின்படி பத்தாண்டுப் பணிக்கான பணிக்கொடையை 12,000 ரூபாயை வைத்துப் போட்டால் ஏறத்தாழ 69,231 ரூபாய் வரும். 20,000 ரூபாயை வைத்துப் போட்டால் 1,15,385 ரூபாய் வரும். பணிக்கொடை கடைசியாகப் பெற்ற ஊதியத்தின் அடிப்படையில் மொத்தப் பணிக்காலத்துக்கும் கணக்கிடப்படுவதால் சுமை ஒரே நேரத்தில் தெரிகிறது. டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் போன்ற நிறுவனங்கள் 2025 டிசம்பர் காலாண்டுக் கணக்கில் இதற்கெனத் தலா ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது இதனால்தான். அடிப்படைச் சம்பளத்தை வேண்டுமென்றே சுருக்கி, படிகளைப் பெருக்கி வந்த பழக்கத்தால் ஊழியர்கள் ஓய்வுக்காலத்தில் இழந்த பணம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த வழியை அடைத்தது நியாயமான திருத்தம் என்றே நான் கருதுகிறேன். பி.எஃப். பிடித்தம் 15,000 ரூபாய் என்ற உச்சவரம்பின்படியே ஏற்கெனவே நடந்துவந்தால், கைக்கு வரும் சம்பளம் குறையாது என்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 2025 டிசம்பரில் விளக்கியது.

ஓராண்டு வேலை பார்த்தாலே எல்லாருக்கும் பணிக்கொடை உண்டு என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி சரியல்ல. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் நேரடியாக அமர்த்தப்பட்டவர்களுக்கே அந்த ஓராண்டு வரம்பு பொருந்தும். நிரந்தர ஊழியர்களுக்கு ஐந்தாண்டுத் தொடர் பணி என்ற நிபந்தனை நீடிக்கிறது. இறப்பு, உடல் ஊனம் ஆகியவற்றுக்கு முன்போலவே விலக்கு உண்டு. இப்படிக் குறிப்பிட்ட காலத்துக்கு அமர்த்தப்பட்டவருக்கும் நிரந்தரப் பணியாளருக்கு இணையான ஊதியமும் சலுகைகளும் தர வேண்டும் என்பதால், செலவைக் குறைக்கும் நோக்கத்தோடு மட்டும் அந்த முறைக்கு மாறுவதில் பயன் இல்லை.

பணம் கொடுக்கும் காலத்திலும் பெரிய மாற்றம் இருக்கிறது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் தரப்பட வேண்டும். ஒருவர் தாமாக விலகினாலும், நீக்கப்பட்டாலும், ஆட்குறைப்பில் போனாலும் அவருக்கு வர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். 'ஃபுல் அண்ட் ஃபைனல்' (விலகுபவரின் இறுதிக் கணக்கு) என்ற பெயரில் முப்பது, நாற்பத்தைந்து நாள் இழுத்தடிப்பது பல நிறுவனங்களில் ஊறிப்போன வழக்கம். மடிக்கணினி திரும்ப வரவில்லை, ஏதோ ஒரு பிரிவின் கையெழுத்து பாக்கி என்றெல்லாம் இனிச் சம்பளத்தை நிறுத்திவைக்க முடியாது. ஆகவே ராஜினாமாக் கடிதம் வந்த அன்றே கணக்கை எடுக்கத் தொடங்குவதுதான் நல்லது. பணிக்கொடைக்கு மட்டும் 30 நாள் அவகாசம் தனியாக உண்டு. பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்தாலும் ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களில் ஒவ்வொருவருக்கும் எழுத்துவடிவில் பணி நியமனக் கடிதம் தருவது கட்டாயம். ஏற்கெனவே வேலையில் இருந்தும் கடிதம் பெறாதவர்களுக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் அதைத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாய்ப்பேச்சில் ஆள் சேர்த்துக்கொண்டு வருடக்கணக்காக வேலை வாங்கிய சிறு தொழில் உரிமையாளர்கள் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

மீறினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தர வேண்டியதைவிடக் குறைவாகக் கொடுத்தால் 50,000 ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்ற ஐந்தாண்டுகளுக்குள் அதே தவறு மீண்டும் நடந்தால் மூன்று மாதம் வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஊழியர் மூன்றாண்டுகளுக்குள் தம் கோரிக்கையைத் தாக்கல் செய்யலாம். பாக்கித் தொகையோடு அதைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் சேர்த்து வழங்க உத்தரவிடும் அதிகாரம் உரிய அலுவலருக்கு உண்டு. அந்த விசாரணையில், உரிய தொகையைக் கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. அதனால் சம்பளச் சீட்டு, வருகைப் பதிவேடு, வங்கிவழிப் பணப் பரிமாற்றச் சான்று ஆகியவற்றை மாதந்தோறும் ஒழுங்காக வைத்திருப்பவரால்தான் தம் பக்கத்தைச் சொல்ல முடியும்.