அது சேற்றுக் கறை இல்லை

இந்த வாரத்தில் மட்டும் இது ஆறாவது நாய். கோல்டன் ரெட்ரீவர், மூன்று வயது, தங்கமான பிள்ளை, மேசையில் ஏற்றியதும் முன்காலைத் தானாகவே நீட்டியது. விரலிடுக்கை விரித்துப் பார்த்தால் தோல் வெந்து சிவந்து கசிகிறது, புளித்த மாவு மாதிரி ஒரு வாடை வேறு. "டாக்டர், மழை ஆரம்பிச்சதிலேர்ந்து தினம் ரெண்டு தடவை குளிப்பாட்டறோம், அப்படியும் இந்தச் சேத்துக் கறை போகவே மாட்டேங்குது" என்கிறார் கூட வந்த அம்மா. அப்படியும் இல்லைம்மா, அதனால்தான்.

முந்தின ஐந்து பேரிடமும் சொன்னதையே ஆறாவது முறையாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. சென்னையில் அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை வருஷா வருஷம் இதே கதை என்பதால் ஒரே தடவையாக இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்தக் கறை. வெள்ளை, பொன்னிற நாய்களின் பாதத்தில் துருப்பிடித்த மாதிரி ஒரு செம்பழுப்பு நிறம் தெரிகிறதே, அது சேறே இல்லை. எச்சில். நாயின் எச்சிலில் போர்ஃபைரின் என்று ஒரு நிறமிப் பொருள் இருக்கிறது, ஒரே இடத்தை நாய் நக்கிக்கொண்டே இருந்தால் அங்கே முடி பழுப்பேறும். அதாவது உங்கள் நாய்க்குக் கால் அரிக்கிறது, நீங்கள் தூங்கும்போது உட்கார்ந்து நக்குகிறது. நீங்கள் காலையில் எழுந்து அதைச் சேறு என்று நினைத்து சோப்புப் போட்டுத் தேய்க்கிறீர்கள். தேய்த்ததில் தோல் இன்னும் எரிகிறது, இன்னும் நக்குகிறது, இன்னும் பழுப்பாகிறது, நீங்கள் பிரஷ் வாங்கி வந்து தேய்க்கிறீர்கள். ஒருவர் பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் வரைக்கும் போயிருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், கம்பி நார்.

அடுத்தது தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெளுக்குமே, அந்தக் கிருமிநாசினி. அது இல்லாத தமிழ் வீடு கிடையாது என்பது தெரியும். நாய்க்கு வேண்டாம். நீர்த்தாலும் வேண்டாம், "ஒரே ஒரு மூடிதான் டாக்டர்" என்றாலும் வேண்டாம். நாம் குளித்தால் துவட்டிக்கொண்டு போய்விடுவோம், நாய் தன் உடம்பை நக்கும், தோலில் போட்டதெல்லாம் வயிற்றுக்குள் போகும். நம் சோப்பும் ஷாம்பூவும் சேராததற்குக் காரணம் வேறு: மனிதத் தோல் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, நாயின் தோல் நடுநிலைக்குப் பக்கத்தில் இருக்கும், மேல்தோலும் நம்முடையதைவிட மெல்லியது. நம் பொருளைத் தினமும் போட்டால் அதன் இயற்கையான எண்ணெய்ப் பசை போய்விடும், ஏற்கெனவே தோலில் சாதுவாக இருந்த ஈஸ்ட் என்கிற பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. அந்தப் புளித்த வாடை ஈஸ்ட்டுடையது. (வாடையை வைத்தே பாதி முடிவுக்கு வந்துவிடுவோம், ஆனாலும் தோலில் ஒரு ஸ்லைடை ஒற்றியெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் மருந்து எழுதுவதில்லை. அதனால் தயவுசெய்து க்ளினிக்குக்குக் கிளம்பும் முன் "டாக்டர் முன்னாடி அசிங்கமா இருக்கக் கூடாது" என்று குளிப்பாட்டிக் கூட்டி வராதீர்கள். நான் பார்க்க வேண்டியதையெல்லாம் கழுவிவிடுகிறீர்கள்.)

சரி, சேறோடு வந்தால் என்ன செய்வது? தெரு மண்தான், சாக்கடை கலக்கவில்லை என்றால், காயவிட்டு சீப்பால் வாரிவிடுங்கள், உதிர்ந்துவிடும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, நாட்டு நாய் வைத்திருப்பவர்களுக்கு அதுகூட வேண்டாம், ஈரத்துணியால் ஒரு துடைப்பு போதும். தேங்கின தண்ணீரில் இறங்கியிருந்தால் ஒரு பக்கெட் வெதுவெதுப்பான வெறும் தண்ணீர், நாலு காலையும் முக்கி எடுங்கள், வயிற்றடியையும் கழுவுங்கள். அதற்குப் பிறகு செய்வதுதான் முக்கியம், அதைத்தான் யாரும் செய்வதில்லை. துவட்டுவது. விரலிடுக்கு ஒவ்வொன்றிலும் துணியை விட்டு ஒற்றி எடுக்க வேண்டும். ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி இரட்டை ரோமம் உள்ளவை மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், விரலை உள்ளே விட்டுப் பாருங்கள், அடி ரோமம் ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தில்தான் ஹாட் ஸ்பாட் என்கிற ஈரப்புண் வரும், காலையில் பொட்டு அளவு இருந்தது சாயங்காலம் உள்ளங்கை அளவு ஆகிவிடும். ஹேர் டிரையர் போடலாம், சூடில்லாத காற்றில், தள்ளிப் பிடித்து. பவுடர் போடாதீர்கள், ஈரத்தோடு சேர்ந்து பசை மாதிரி அப்பிக்கொள்ளும்.

ஷாம்பூக் குளியல், நாய்க்கென்று விற்பது, மாதம் ஒரு முறையோ இரு முறையோ போதும். தோல் நோய்க்கு நாங்கள் மருந்து ஷாம்பூ கொடுத்திருந்தால் கணக்கு வேறு, சீட்டில் எழுதியபடி செய்யுங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன், உண்ணிக்கும் அரிப்புக்கும் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுத் தடவுகிற பாட்டி வைத்தியம். கற்பூரம் நாய்க்கு விஷம், நக்கினால் வலிப்பு வரும். பாட்டி மேல் எனக்கும் மரியாதை உண்டு, ஆனால் வேண்டாம். காதை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறிக்கொண்டே இருந்தால் பட்ஸ் விட்டுக் குடையாமல் கூட்டி வாருங்கள். அப்புறம், மழைநாளில் வாக்கிங் போகும்போது தெருவோர மின் பெட்டி, கம்பம் பக்கம் தேங்கின தண்ணீரில் நாயை இறக்கவே இறக்காதீர்கள். அதன் காலில் செருப்பு இல்லை.

சேறு என்றதும் எல்லோரும் சோஃபாவைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள், நான் கவலைப்படுவது எலியைப் பற்றி. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் தெருவில் நின்றது வெறும் மழைத்தண்ணீரா? வளைக்குள் தண்ணீர் புகுந்தால் எலியும் வெளியே வரும், அதன் சிறுநீரும் அதே தண்ணீரில்தான். அதிலிருக்கும் லெப்டோஸ்பைரா கிருமி, நக்கி நக்கிப் புண்ணாக்கிய பாதத்தின் வழியாகவே உள்ளே போகும், தேங்கின தண்ணீரைக் குடித்தாலும் போகும். சிறுநீரகத்தையும் கல்லீரலையும் அடிக்கும். இதே எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீரிலிருந்து உங்களுக்கும் வரலாம். காய்ச்சல், வாந்தி, சாப்பிடாமல் சுருண்டு படுப்பது, கண்ணின் வெள்ளை மஞ்சளாவது, சிறுநீர் குறைவது அல்லது நிறம் மாறுவது, இதில் எது தெரிந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அது பெய்ததைக் கையுறை போட்டுத் துடையுங்கள்.

தடுப்பூசி இருக்கிறது. எல்லா வகை லெப்டோவையும் அது தடுக்காது, என்றாலும் போட்டுக்கொள்வது எவ்வளவோ மேல். முதல் தடவை சில வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு வருஷா வருஷம். "குட்டியில எல்லாம் போட்டாச்சு டாக்டர்" என்று சொல்லாதீர்கள், லெப்டோவுக்கான பாதுகாப்பு ஒரு வருஷத்துக்கு மேல் நிற்கும் என்று நம்ப முடியாது. எல்லாக் கூட்டு ஊசியிலும் லெப்டோ இருப்பதில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அட்டையை எடுத்துக் கடைசித் தேதியைப் பாருங்கள், ஒரு வருஷம் தாண்டியிருந்தால் நாளைக்கே கூட்டி வாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். காலெல்லாம் சேறாக இருந்தாலும் பரவாயில்லை, தரையை நாங்கள் துடைத்துக்கொள்கிறோம்.