போர்த்துகிற சூடும் எரிக்கிற சூடும்

நீலகிரியில் குளிர்காலம் ஒரே நாளில் வந்து இறங்கிவிடாது. ஐப்பசி மழை ஓய்ந்ததும் முதலில் நீர்ப்பனி. விடிகாலையில் புல்வெளி நனைந்து கிடக்கும். மார்கழியை நெருங்கும்போது தலைக்குந்தா, காந்தல் பக்கம் அதே புல் வெளுத்து மொறமொறவென்று நிற்கும். அது உறைபனி. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊட்டியில் அந்த நாள்களில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். கீழேயிருந்து வருகிறவர்கள் படம் எடுத்து மகிழ்கிற இந்தக் காட்சிக்கும், குழந்தை மருத்துவராக நான் பார்க்கிற நோயாளிகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

இங்கே குளிரைச் சமாளிப்பது பெரும்பாலும் வீட்டுக் கைவேலைதான். ஸ்வெட்டர் பின்னாத பாட்டி இல்லாத தெரு அபூர்வம். இப்போது அவர்களோடு இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. நகரத்து வேலையை விட்டுக் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் குடிவந்து, மண் வீடு கட்டி, சோப்பும் மெழுகுவர்த்தியும் தாங்களே செய்து வாழ்கிற இளம் பெற்றோர்கள். இருவர் மீதும் எனக்கு மரியாதை உண்டு. கடையில் வாங்கிய நைலான் ஜாக்கெட்டைவிடக் கையால் பின்னிய கம்பளிச் சட்டை குழந்தைக்கு எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. ஆனால் வீட்டில் செய்தது, இயற்கையாகக் கிடைத்தது என்பதற்காகவே ஒரு பொருளைக் கேள்வி கேட்காமல் தொட்டில் வரை கொண்டுபோகிற பழக்கம் இரண்டு தரப்பிலும் இருக்கிறது. ஒவ்வொரு குளிர்காலமும் அதன் விளைவை நான் பார்க்கிறேன்.

முதலில் கரி அடுப்பு. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் சுற்றுலா வந்தவர்கள், இரவு இறைச்சி சுட்ட அடுப்பை மிச்சத் தணலோடு அறைக்குள் எடுத்துவைத்துத் தூங்கி, காலையில் எழாமலே போன செய்தி மீண்டும் மீண்டும் நாளிதழில் வருகிறது. ‘வெளியூர்க்காரர்கள், விவரம் தெரியாதவர்கள்’ என்று உள்ளூரில் சொல்லிக்கொள்கிறோம். உள்ளூர்க் குடும்பங்களும் அதே காரணத்தால் மருத்துவமனைக்கு வருகின்றன. உயிரோடு வந்துவிடுவதால் செய்தியாவதில்லை.

அப்படி வந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். அம்மா, பாட்டி, இரண்டு குழந்தைகள். நால்வருக்கும் விடிகாலையில் தலைவலி, வாந்தி. முந்தைய இரவு சாப்பிட்ட பரோட்டாவின் மேல் பழியைப் போட்டிருந்தார்கள். ஆனால் ஒருவருக்கும் பேதி இல்லை, காய்ச்சல் இல்லை. அதைவிட முக்கியமாக, ஆட்டோவில் ஏறிக் குளிர்காற்று பட்டதிலிருந்தே பெரியவர்களுக்குத் தலை தெளிந்துகொண்டு வந்திருக்கிறது. சின்னவன் மட்டும் துவண்டு கிடந்தான். “ராத்திரி அறைக்குள் என்ன எரிந்தது?” என்று கேட்டேன். “புகையே இல்லைங்க டாக்டர், வெளியில் வைத்து நன்றாகக் கனிந்த பிறகுதான் உள்ளே கொண்டுவந்தோம்” என்றார் பாட்டி.

ஆபத்து அந்தப் புகையில்லாத தணலில்தான் இருக்கிறது. விறகு எரிந்தால் கண் எரியும், இருமல் வரும், மனிதன் எழுந்து கதவைத் திறப்பான். கனிந்த கரி எந்த எச்சரிக்கையும் தராது. அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. மூடிய அறையில் ஆக்சிஜன் குறையக் குறையக் கரி இன்னும் அரைகுறையாக எரியும். அந்த வாயு இன்னும் கூடும். குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுவதால் முதலில் பாதிக்கப்படுவதும் அவர்கள்தான். கருவிலிருக்கும் சிசுவுக்கு ஆபத்து அதைவிட அதிகம்.

“எங்கள் அம்மா காலத்திலிருந்து குமுட்டி அடுப்பை வைத்துக்கொண்டுதானே தூங்கினோம்” என்பது நான் அடிக்கடி கேட்கிற வாதம். உண்மைதான். ஆனால் அந்த வீடு எது? ஓட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி, பொருந்தாத மரக்கதவு, கூரையில் புகை போக வழி. வீடே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இப்போது அதே அடுப்பைக் கான்கிரீட் கூரைக்குக் கீழே, அலுமினிய ஜன்னலை இழுத்துச் சாத்தி, கதவிடுக்கில் சாக்கையும் அடைத்துவிட்டு வைக்கிறோம். பழக்கம் அப்படியே இருக்கிறது, வீடு மாறிவிட்டது. ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் போதும் என்று நம்புவதும் வீண். தூங்குகிற அறைக்குள் கரி கூடாது, அவ்வளவுதான். குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசரும் இதே வாயுவைத்தான் உண்டாக்கும். அதைக் குளியலறைக்கு வெளியே மாற்றிப் பொருத்துங்கள்.

ஒரே வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் காரணத்தை அப்புறம் யோசியுங்கள். முதலில் எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டி, 98 காட்டுகிறது என்று நிம்மதியடைந்துவிடாதீர்கள். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறியதையும் அந்தக் கருவியால் பிரித்தறிய முடியாது. சாதாரணக் காற்றில் இந்த வாயுவின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும்; மருத்துவமனையில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் குறையும். வெளிக்காற்றில் தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்கு வந்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

அப்படியானால் குளிருக்கு என்னதான் செய்வது? மலையின் பழைய விடை போர்த்துவது. தோடர்களின் பூத்துக்குளியைப் பாருங்கள். கனமான வெள்ளைப் பருத்தித் துணியை மடித்து உடம்பைச் சுற்றிப் போர்த்துவார்கள். அதில் சிவப்பும் கறுப்புமாக ஓடுகிற பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் கோடு வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணி எண்ணியே தோடப் பெண்கள் தைக்கிறார்கள்; பெரும்பாலும் வாசலில், பகல் வெளிச்சத்தில். கண்ணுக்கும் நல்லது, முதுகில் வெயிலும் படும். (ஊட்டிக் கடைகளில் அந்தப் பெயரைச் சொல்லி இயந்திரத்தில் அச்சடித்த சால்வையை விற்கிறார்கள். துணியின் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.)

கம்பளிக்கும் இந்த மலையில் சரித்திரம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆடுகளோடு மெரினோ போன்ற வெளிநாட்டு இனங்களைக் கலந்து உருவானது நீலகிரி ஆடு. சாண்டிநல்லாவில் அரசு ஆராய்ச்சி நிலையத்தில் அதை இன்றும் வளர்க்கிறார்கள். கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. வேர்த்து விளையாடி ஓய்கிற குழந்தைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் கடையில் ‘உல்லன்’ என்று கொடுக்கிற நூலில் பெரும்பகுதி அக்ரிலிக். சோதிப்பது எளிது. ஒரு விரற்கடை நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்து, வீட்டுக்கு வெளியே தீயில் காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகிய நாற்றம் அடித்து, தீயை விலக்கியதும் அணைந்து, நசுக்கினால் சாம்பலாக உதிரும். அக்ரிலிக் உருகிச் சொட்டும். ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். அக்ரிலிக் ஸ்வெட்டர் போட்ட குழந்தையை அடுப்பங்கரையில் உட்கார வைத்தால், ஒரு பொறி பட்டாலும் உருகிய பிசின் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அக்ரிலிக்கே அணியக்கூடாது என்று சொல்லவில்லை. விலை குறைவு, துவைப்பதும் சுலபம். தீயின் பக்கம் மட்டும் அது வேண்டாம்.

அடுத்து நான் சொல்லப்போவதைப் பின்னுகிற கைகள் எல்லாம் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மூன்று மாதக் குழந்தை, இரவு முழுக்க ஓயாத அழுகை. ஓம வாட்டர் கொடுத்தாயிற்று, வயிற்றில் பெருங்காயம் தடவியாயிற்று, திருஷ்டியும் சுற்றிப் போட்டாயிற்று. என்னிடம் வந்தபோது கழுத்துவரை கம்பளி, தலையில் மங்கி குல்லா, காலில் பாட்டி பின்னிய அழகான மஞ்சள் காலுறை. வலது காலுறையைக் கழற்றியதும் அழுகையின் காரணம் தெரிந்தது. இரண்டாவது விரல் மட்டும் வீங்கிக் கருநீலமாக இருந்தது. அடியில் ஒரு பள்ளம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் பள்ளத்துக்குள் ஒரு மஞ்சள் இழை. காலுறையின் உட்புறத்தில் வெட்டிவிட்ட நூலின் நுனி, குழந்தை காலை உதைக்க உதைக்க விரலைச் சுற்றி இறுகிவிட்டது. இழையை வெட்டி எடுத்தபின் விரல் மெல்லச் சிவந்தது. இன்னும் ஒரு பகல் கடந்திருந்தால் விரலையே இழந்திருக்கலாம்.

இது அரிதான விபத்துதான். இருந்தாலும் குழந்தை மருத்துவர்கள் நன்கு அறிந்தது. பிரசவத்துக்குப் பிறகு அம்மாவுக்கு முடி அதிகமாகக் கொட்டுவதால், ஒற்றைத் தலைமுடியும் இதே வேலையைச் செய்யும். காரணம் தெரியாமல் அழுகிற குழந்தையை முழுக்க உடை களைந்து, பத்து விரல்களையும், கால்விரல்களையும், ஆண் குழந்தையானால் குறியையும் பார்த்துவிட்டுத்தான் வயிற்றுவலி என்று முடிவுக்கு வர வேண்டும். குளிரில் உடை களைய மனம் வராது. குளிர்காலத்தில் இது தாமதமாகக் கண்ணில் படுவதற்குக் காரணமே அதுதான்.

பின்னுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் சின்னது. காலுறையை முடித்ததும் உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் பாருங்கள். நிறம் மாற்றிய இடத்தில் உட்பக்கம் தளர்ந்து ஓடுகிற நூல்தான் முதல் எதிரி. அந்த இடங்களுக்கு மேல் மெல்லிய பருத்தித் துணியால் உள்ளுறை தைத்துவிட்டால் பயம் இல்லை. நூல் நுனியை ஒட்ட வெட்டாமல் பின்னலுக்குள் சில கண்ணிகள் தூரம் கோத்து விடுங்கள். பொம்மைக்குப் பொத்தானால் கண் வைக்காதீர்கள், நூலாலேயே பின்னிவிடலாம். கழுத்தில் கட்டுகிற நாடா வேண்டாம். கையுறை வீட்டுக்குள் தேவையே இல்லை, கையைச் சப்புவது கைக்குழந்தையின் பசி மொழி. மங்கி குல்லாவும் தூங்கும்போது வேண்டாம். சரிந்து மூக்கை மூடும். மிகவும் எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு இவை எல்லாவற்றையும்விடச் சிறந்த சூடு அம்மாவின் மார்புதான். கங்காரு முறை என்று இன்று உலகமெங்கும் செய்கிறார்கள். தோலோடு தோல் ஒட்டவைத்து, மேலே கம்பளியைச் சுற்ற வேண்டும். அப்பாவும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம்.

சாம்பிராணி பற்றிப் பேசினால் வீட்டுக்கு வீடு சண்டை வரும். குளித்த குழந்தைக்குத் தலை காயட்டும் என்று காட்டுகிறார்கள். புகை புகைதான். ஏற்கெனவே சளியில் திணறுகிற நுரையீரலுக்கு அது கூடுதல் சுமை. துண்டால் துவட்டினால் தலை காய்ந்துவிடும். சாமி மாடத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள், குழந்தை வேறு அறையில் இருக்கட்டும்.

தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பதைக் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். கற்பூரம் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். சிறு குழந்தைகளுக்கு வலிப்பை வரவழைக்கும். நீலகிரித் தைலமும் அப்படித்தான். தைலமரம் இந்த மலைக்கு வந்தது 1843-இல். இன்று அது எங்கள் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஆனாலும் இரண்டு வயதுக்குள் மூக்கருகே தடவக்கூடாது. ஒரு தேக்கரண்டி அளவை விழுங்கினாலே குழந்தை மயங்கிவிடும். அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.

சோப்புக் காய்ச்சுகிற புதிய குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று. எண்ணெய் எவ்வளவு இயற்கையானதாக இருந்தாலும் காஸ்டிக் சோடா இல்லாமல் கட்டிச் சோப்பு உருவாகாது. நீரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சோடாவைச் சேர்க்க வேண்டும். சோடாவின் மேல் நீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். ஊற்றிய சோப்பு நான்கு முதல் ஆறு வாரம் காய்ந்த பிறகே தோலில் படலாம். எனக்குக் கவலை கரைசலை வைக்கிற பாட்டிலைப் பற்றியது. பழைய குடிநீர் பாட்டிலில் இருக்கிற தெளிந்த காஸ்டிக் கரைசலைத் தண்ணீர் என்று ஒரு வாய் குடித்த குழந்தைக்கு உணவுக்குழாய் வெந்து சுருங்கிவிடும். அதை விரிக்க வருடக்கணக்கில் மருத்துவமனைக்கு அலைய வேண்டும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், போகும்போது சுட்டது வரும்போதும் சுடும். வாயைக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

இவ்வளவு தடை போட்ட பிறகு நானே பரிந்துரைக்கிற கைவேலை ஒன்று உண்டு. மலைக்குழந்தைகளுக்குக் குளிர்காற்றில் கன்னம் சிவந்து வெடிக்கும். குறும்பர்கள் பாறைத் தேனடையிலிருந்து எடுக்கிற தேன்மெழுகு இங்கே கிடைக்கிறது. ஒரு பங்கு மெழுகுக்கு நான்கு பங்கு தேங்காய் எண்ணெய். எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெய் பெரும்பாலும் உறைந்தே இருக்கும் என்பதால் அளப்பதும் கரண்டியால்தான். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, இரண்டையும் உருக்கி, சிறு டப்பாவில் ஊற்றி ஆறவிடுங்கள். வாசனைத் தைலம் எதுவும் சேர்க்க வேண்டாம். பள்ளிக்குக் கிளம்பும் முன் கன்னத்திலும் உதட்டிலும் தடவலாம், கைக்குழந்தைக்கும் தடவலாம். மெழுகு எடுத்த அடையின் தேனை மட்டும் ஒரு வயது நிரம்பும்வரை குழந்தையின் நாக்கில் வைக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரின் வித்து, அந்த வயதுக் குடலில் முளைத்து நச்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.