எலியின் சிவப்புக் கண்ணீர்

வெள்ளை எலி வளர்க்கும் ஆய்வகங்களில் இது பழகிய காட்சி. எலியின் கண்ணோரத்திலும் மூக்கு நுனியிலும் காய்ந்த ரத்தம் மாதிரி ஒரு கறை. புதிதாகப் பார்ப்பவர் அடிபட்டுவிட்டதென்று பதறிவிடுவார். அந்தக் கறை மேல் புற ஊதா விளக்கை அடித்தால் செக்கச்செவேலென்று ஒளிரும். ரத்தம் அப்படி ஒளிராது. உடல் ஹீமோகுளோபின் தயாரிக்கும் வழியில் உண்டாகும் போர்ஃபைரின் என்ற நிறமிதான் அது.

சுரப்பது ஹார்டேரியன் சுரப்பி. சுவிட்சர்லாந்து மருத்துவர் யோஹான் யாக்கோப் ஹார்டர் 1694-ல் மானின் கண்ணில் இதைக் கண்டு எழுதினார். வளர்ந்த மனிதருக்கு இது இருப்பதில்லை. எலிக்கோ கண்குழியின் பின்பக்கத்தையே அடைத்துக்கொண்டு கிடக்கிறது. இதுபோக எலிக்குக் கண்ணீர்ச் சுரப்பிகளும் உண்டு. அதில் ஒன்று காதுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு நீண்ட குழாய் வழியாகக் கண்ணுக்கு நீர் அனுப்புகிறது!

இவற்றைச் சுரக்க வைக்கும் கட்டளை எங்கிருந்து வருகிறது? ஒரு சாயத்தைச் சுரப்பிக்குள் செலுத்தினால், நரம்பிழைகள் அதை உறிஞ்சி, தாங்கள் கிளம்பிய செல் வரை பின்னோக்கிக் கொண்டு போகும். சில நாள் கழித்து எந்தச் செல்லில் சாயம் இருக்கிறதென்று நுண்ணோக்கியில் தேடினால் போதும். இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது; நரம்பே தன் வீட்டுக்கு வழிகாட்டிவிடுகிறது.

முக்கியமான பாதை துணைப்பரிவு நரம்புகளுடையது. நாம் நினைக்காமலே உடலுறுப்புகளை இயக்கும் நரம்புகளில் ஒரு வகை இது; பரிவு நரம்புகள் இன்னொரு வகை. மூளைத்தண்டில் கிளம்பி, முகநரம்போடு சேர்ந்து வந்து, அதன் கிளை ஒன்றில் பிரிந்து, டெரிகோபாலட்டைன் நரம்பு முடிச்சை அடைகிறது. அங்கே செய்தி அடுத்த செல்லுக்குக் கைமாறி, சுரப்பிக்குப் போகிறது. நரம்பு நுனியில் வெளியாகும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரப்புச் செல்களைத் தூண்டுகிறது. அவற்றைச் சுற்றியிருக்கும், தசை போலச் சுருங்கும் செல்கள் உள்ளே இருப்பதைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. கழுத்தின் மேல்முடிச்சிலிருந்து வரும் பரிவு நரம்புகள் பெரும்பாலும் ரத்தக் குழாய்களைக் கவனித்துக்கொள்கின்றன. முக்கிளை நரம்பின் வேலை உணர்வு: கண்ணில் தூசு விழுந்த சேதியை மூளைத்தண்டுக்குச் சொல்வது அதுதான்.

சரி, அசிட்டைல்கோலின்தான் காரணம் என்பதற்கு என்ன ஆதாரம்? அதைப் போல வேலை செய்யும் மருந்தை ஊசியில் ஏற்றினால், சில நிமிடங்களில் எலிக்குச் சிவப்புக் கண்ணீர் வழிகிறது. அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கும் அட்ரோபின் மருந்தை முன்கூட்டியே கொடுத்திருந்தால் வழிவதில்லை. இந்தக் கண்ணீரையே அளவுகோலாக்கி மருந்துகளின் வீரியத்தைச் சோதித்தார்கள். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகள் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்குபவை. அதனால் அந்த விஷம் ஏறிய எலிக்கும் கண் சிவப்பாக வழியும். நச்சியல் சோதனை செய்பவர்கள் இன்றும் அந்தக் கறையைக் குறித்துவைக்கிறார்கள்.